கடையில் கற்றது கணினிக் கொம்பனியில் விலைபோகும்

கடந்த மாதம் ஒரு நாள் லுஹர் தொழுதுவிட்டு வந்து கடையில் உட்கார்ந்திருந்தபோது, அடுத்த தெருவில் பல வருடங்களாகப் புடவை மொத்த வியாபாரம் செய்துவரும் ஒரு ஹாஜியார் உள்ளே வந்தார். கையில் மடித்த கடதாசி ஒன்று. அவருடைய மகனுக்கு ஒரு கணினிக் கொம்பனியிலிருந்து வந்திருந்த வேலைக் கடிதம் அது.

"இதில் புரொடக்ட் மனேஜர் என்று போட்டிருக்கிறார்கள். இவன் கெம்பஸ் போனவன் இல்லை. உயர்தரப் பரீட்சையை இரண்டு தடவை எழுதிவிட்டு விட்டுவிட்டான். எட்டு வருஷம் என்னோடு கடையில் நின்றவன். இவனுக்கு மனேஜர் வேலை கொடுக்கிறார்கள் என்றால் இதில் ஏதோ ஏமாற்று இருக்கிறதல்லவா? நீங்கள் சொன்னால் கேட்பான். வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்றார்.

அவர் கேட்டதில் இரண்டு விடயங்கள் கலந்திருந்தன. ஒன்று, இது என்ன வேலை என்பது. மற்றது, மகன் போய்விட்டால் கடையை யார் பார்ப்பது என்பது. இரண்டாவதுக்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. முதலாவதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். ஏனெனில் இந்தக் கேள்வியோடு இருக்கும் வாப்பாமார் புறக்கோட்டையில் மட்டுமல்ல, கண்டியிலும் அக்கரைப்பற்றிலும் காத்தான்குடியிலும் இருக்கிறார்கள். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களுக்குள் 360 ரூபா வரை போனபோது எத்தனை கடைகள் ஆட்டங்கண்டன என்பது எமக்குத் தெரியும். அதற்குப் பிறகு கடைப் பிள்ளைகள் பலர் கட்டார், டுபாய் என்று கிளம்பினார்கள். கடையில் நின்ற வருடங்களை வீணாய்ப்போன வருடங்கள் என்று அவர்களே நினைக்கிறார்கள். அது பிழையான கணக்கு.

சவர்க்காரத்தில் தொடங்கிய வேலை

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். இதனைத் தமிழில் உற்பத்தி முகாமையாளர் என்று எழுதினால் தொழிற்சாலையில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவர் என்று நினைத்துவிடுவார்கள். இவர் அவரல்ல. ஒரு பொருள் யாருக்காக, என்ன குறையைத் தீர்ப்பதற்காக, என்ன விலையில், எப்போது வரவேண்டும் என்பதற்குப் பொறுப்பாக நிற்பவர்தான் புரொடக்ட் மனேஜர். பொருள் ஒரு சவர்க்காரமாகவும் இருக்கலாம், வங்கியின் ஒரு கணக்காகவும் இருக்கலாம், கையடக்கத் தொலைபேசியில் ஓடும் ஒரு மென்பொருளாகவும் இருக்கலாம்.

இந்த வேலைக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. 1931 மே மாதம் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ப்ரொக்டர் அன்ட் கேம்பிள் கொம்பனியின் விளம்பரப் பிரிவில் வேலை செய்த நீல் மெக்எல்ராய் என்ற 26 வயது இளைஞர் தனது மேலதிகாரிகளுக்கு மூன்று பக்கக் குறிப்பு ஒன்றை எழுதினார். அவருடைய பொறுப்பில் இருந்தது கேமே என்ற சவர்க்காரம். போட்டி வெளிக் கொம்பனிகளிடமிருந்து மட்டுமன்றி அதே கொம்பனியின் ஐவரி சவர்க்காரத்திடமிருந்தும் வந்தது. ஐவரிதான் வீட்டின் மூத்த பிள்ளை, கேமேயைக் கவனிக்க ஆளில்லை. எனவே ஒவ்வொரு பெயருக்கும் அதை மட்டுமே தன் தலையில் சுமக்கும் ஆட்களைப் போடவேண்டும், அவர்கள் ஊர் ஊராகப் போய் எந்த இடத்தில் விற்கிறது, எந்த இடத்தில் விற்கவில்லை, ஏன் என்று பார்த்துவந்து மருந்து சொல்லவேண்டும் என்பதே அந்தக் குறிப்பின் சாரம். அந்த மெக்எல்ராய் 1948 இல் அதே கொம்பனியின் தலைவரானார். 1957 முதல் 1959 வரை அமெரிக்காவின் பாதுகாப்புச் செயலாளராகவும் இருந்தார்.

சவர்க்காரக் கொம்பனியில் பழகிய இந்த முறை பின்னர் கணினித் துறைக்குப் போனது. கணக்கு எழுதும் மென்பொருளுக்குப் பெயர்போன இன்டுயிட் கொம்பனியை 1983 இல் ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஸ்கொட் குக், அதற்கு முன் ப்ரொக்டர் அன்ட் கேம்பிளில் சமையல் கொழுப்பு விற்றவர். 2000 முதல் 2014 வரை மைக்ரோசொப்ட்டின் தலைமை நிறைவேற்று அதிகாரியாக இருந்த ஸ்டீவ் போல்மரும் படித்து முடித்த கையோடு அதே இடத்தில் உதவிப் புரொடக்ட் மனேஜராக இருந்தவர்தான். மென்பொருள் உலகில் இந்த வேலையின் வேர் கடைத்தட்டில் இருக்கிறது என்பதைக் காட்டவே இவ்வளவும் சொன்னேன்.

எமது நாட்டிலும் உதாரணம் இருக்கிறது. 1996 இல் இலங்கையில் ஆரம்பிக்கப்பட்ட மிலேனியம் ஐடி கொம்பனி பங்குச் சந்தைகளுக்கான மென்பொருளைச் செய்தது. 2009 இல் லண்டன் பங்குச் சந்தை அந்தக் கொம்பனியையே விலைகொடுத்து வாங்கியது. 2011 இல் லண்டனின் பங்கு வியாபாரம் இலங்கையில் செய்யப்பட்ட அந்த மென்பொருளுக்கு மாறியது. கணினி மொழி தெரிந்தவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். ஒரு பங்கை வாங்கும் கட்டளையும் விற்கும் கட்டளையும் எந்த ஒழுங்கில் சந்திக்கவேண்டும், சந்திக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை உள்ளும் புறமும் அறிந்தவர்கள் அப்படி எல்லா இடத்திலும் இல்லை. அந்த அறிவும் சேர்ந்துதான் லண்டனில் விலைபோனது.

என் கடையில் நடந்தது

ஹாஜியாரின் மகனை எனக்கு நன்றாகத் தெரியும். அவரைத் தம்பி என்றே இங்கு எழுதுகிறேன். 2020 இல் கொரோனாவோடு வாப்பாவின் கடை மாதக்கணக்கில் மூடப்பட்டபோது, 2021 இல் அவர் ஒரு சிறிய மென்பொருள் கொம்பனியில் வாடிக்கையாளர் சேவைக்குச் சேர்ந்தார். கடைக்காரர்கள் தொலைபேசி எடுத்து "பில் வருகுதில்லை" என்று ஏசினால் அதைக் கேட்டு விளங்கப்படுத்தும் வேலை. அந்த வேலையாகத்தான் எனது கடைக்கும் வந்தார்.

நான் 2019 இல் ஒரு பில் போடும் மென்பொருளை வாங்கியிருந்தேன். விற்ற கொம்பனியின் பெயர் வேண்டாம். விற்கும்போது அதில் இல்லாத வசதியே இல்லை என்றார்கள். ஆறு மாதத்தில் என்னைக் கிட்டத்தட்ட வங்கியில் வெட்கப்பட வைத்தது.

காரணம் செக். எமது மொத்த வியாபாரம் பின்திகதியிட்ட செக்கில் ஓடுகிறது. 30 நாள், 45 நாள், 60 நாள், ஆள் நல்லவரென்றால் 90 நாள். இந்த மென்பொருளைச் செய்த பிள்ளைகள் சாப்பாட்டுக் கடையைப் பார்த்துச் செய்தவர்கள். அவர்களுக்குப் பணம் என்றால் கையில் வந்த பணம். நான் 60 நாள் செக் ஒன்றைப் பதிந்தால் அது அன்றைக்கே காசு வந்ததாகக் கணக்கில் ஏற்றிவிடும். பின்னேரம் திரையைப் பார்த்தால் இருப்பு நிறைந்து வழியும். ஒரு நாள் என் மகன் அந்த இருப்பை நம்பி இறக்குமதிக்காரர் ஒருவருக்கு 4 இலட்சத்து 75 ஆயிரம் ரூபாவுக்குச் செக் எழுதிக் கொடுத்துவிட்டார். வங்கி முகாமையாளர் எனக்குத் தெரிந்தவர் என்பதால் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். ஓடிப்போய்க் காசு கட்டினேன். இல்லாவிட்டால் முப்பது வருடத்தில் முதல் தடவையாக என் செக் திரும்பியிருக்கும். இந்தத் தெருவில் ஒரு செக் திரும்பினால் அது வங்கியை விட்டு வெளியே வருவதற்கு முன்பே தேநீர்க் கடைக்கு வந்துவிடும்.

இரண்டாவது சிக்கல் யார். துணி உருளைகள் மீற்றரில் வருகின்றன. நாம் யாரில் வெட்டி விற்கிறோம். ஒரு யார் என்பது 0.9144 மீற்றர். 50 மீற்றர் உருளையில் 54 யாருக்கும் மேலே, ஏறத்தாழ 54 யாரும் இரண்டு அடியும் இருக்கும். மென்பொருளில் அளவுக்கு ஒரே ஒரு பெட்டிதான். 50 என்று பதிந்து யாரில் விற்றுக்கொண்டு போனால், உருளைக்கு நாலரை யாருக்கு மேல் துணி கணக்கில் இல்லாமலேயே கடையில் இருக்கும். கள்ளன் எடுத்தாலும் தெரியாது, எலி கடித்தாலும் தெரியாது. கடைசியில் மிஞ்சும் துண்டுகளை எடுத்து வைத்து வருட இறுதியில் தனி விலைக்குத் தள்ளுவோமே, அதற்கும் அதில் இடமில்லை.

தம்பி வேலைக்குச் சேர்ந்த கொம்பனி இந்த மென்பொருளைப் பழைய கொம்பனியிடமிருந்து பொறுப்பெடுத்திருந்தது. அவர் வந்த முதல் நாள் நான் ஏசத் தயாராக இருந்தேன். அவர் கணினியைத் தொடவே இல்லை. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "மாமா, செக்கை எந்தப் புத்தகத்தில் எழுதுறீங்க, அதைக் காட்டுங்க" என்றார். நான் மேசை லாச்சியிலிருந்து பழைய கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். மென்பொருள் வாங்கிய பிறகும் நான் அந்தக் கொப்பியை விடவில்லை என்பதை ஒரு பார்வையில் பிடித்துக்கொண்டார். அவர் வாப்பாவின் கடையிலும் அதே கொப்பி இருக்கிறது. எங்கே பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. துறை அறிவு என்று பெரிய சொல்லால் சொல்வது இதைத்தான். பட்டம் பெற்ற கெட்டிக்காரப் பிள்ளைகள் நாலு பேர் அதற்கு முன் வந்து போயிருந்தார்கள். கொப்பியைப் பற்றிக் கேட்கவேண்டும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இன்னொரு சம்பவத்தையும் சொல்லவேண்டும். 2025 ஏப்ரல் முடிந்தபோது மென்பொருள் ஒரு படம் வரைந்து காட்டியது. முந்திய வருட ஏப்ரலோடு பார்த்தால் எனது விற்பனை பயங்கரமாக விழுந்திருந்தது. அடுத்த கொள்வனவைக் குறையுங்கள் என்று ஆலோசனை வேறு. நடந்தது என்ன? 2024 இல் நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஏப்ரலில் ஒரே வாரத்தில் வந்தன. 2025 இல் பெருநாள் மார்ச் 31 ஆம் திகதி வந்தது. பெருநாள் விற்பனை மார்ச் கணக்கில் ஏறிவிட்டது. ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்கள்தான், ஆகவே நோன்பு வருடத்துக்குப் பத்து, பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பது எமது வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கணினிக்குச் சொல்லிக் கொடுக்க ஆளிருக்கவில்லை. தம்பி அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கொம்பனிக்குப் போய், மாதத்தோடு மாதத்தை ஒப்பிடாமல் பெருநாளுக்கு முந்திய நாட்களோடு பெருநாளுக்கு முந்திய நாட்களை ஒப்பிடும் ஒரு வசதியைச் செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். 2030 ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒரு நோன்பும் டிசம்பர் கடைசியில் அடுத்த நோன்பும் தொடங்கும் என்பதையும் அதில் எழுதியிருந்தாராம். அதை வாசித்த பிறகுதான் அவருடைய மேலதிகாரி அவரை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கியதாகக் கேள்வி.

பேரம் என்றால் விலை மட்டுமல்ல

எம்மவர்களுக்கு ஒரு பெருமை உண்டு. பேரம் பேசுவதில் எம்மை வெல்ல ஆளில்லை என்பது. அதில் பாதிதான் உண்மை. நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் விலை. அவர் நூறு என்பார், நாம் அறுபது என்போம், எண்பதில் முடிப்போம். புரொடக்ட் மனேஜரின் பேரத்தில் விலை கடைசியாகத்தான் வரும்.

அவருடைய நிலையை நினைத்துப் பாருங்கள். பெயரில் மனேஜர் என்று இருக்கிறதே தவிர, மென்பொருளைச் செய்யும் பொறியியலாளர்கள் பெரும்பாலும் அவருக்குக் கீழே இல்லை. விற்பனைப் பிரிவும் அவருக்குக் கீழே இல்லை. வாடிக்கையாளர் யாருக்கும் கீழே இல்லை. எல்லோருக்கும் வேறு வேறு தேவை. வாடிக்கையாளருக்கு எல்லாம் வேண்டும். விற்பனைப் பிரதிநிதி இல்லாததையும் தருவதாகச் சொல்லிவிட்டு வந்திருப்பார். பொறியியலாளர் ஆறு மாதம் கேட்பார். முதலாளி நாளைக்கே கேட்பார். உத்தரவு போட முடியாத ஒருவர் இவர்கள் எல்லோரையும் ஒரே பக்கம் இழுக்கவேண்டும். பேருவளையில் மாணிக்கத் தரகர்கள் செய்வதும் இதைப் போன்றதுதான். கல் அவருடையதல்ல, காசும் அவருடையதல்ல, ஆனாலும் அவர் இல்லாமல் வியாபாரம் முடியாது.

என்னோடு தம்பி பேசிய பேரத்தைச் சொல்கிறேன். நான் அவரிடம் பதினொரு மாற்றங்களை எழுதிக் கொடுத்தேன். முதலாவது பில்லில் கடைப் பெயர் பெரிய எழுத்தில் வரவேண்டும் என்பது. நாலாவது, வாடிக்கையாளருக்குப் பெருநாள் வாழ்த்துக் குறுஞ்செய்தி தானாகவே போகவேண்டும் என்பது. செக் பிரச்சினை எட்டாவதாக இருந்தது. அவர் முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "மாமா, இந்தப் பதினொன்றில் போன மாசம் உங்களுக்குக் காசு நட்டமாக்கினது எது?" என்று கேட்டார். நான் யோசித்து எட்டைக் காட்டினேன். "நோன்புக்கு முன்னுக்கு ரெண்டுதான் செய்யேலும் என்றால் மற்றது எது?" நான் யார் மீற்றர் கணக்கைக் காட்டினேன். "அப்ப இந்த ரெண்டையும் எழுதித் தாறேன். மற்ற ஒன்பதும் நோன்புக்குப் பிறகு பேசுவோம்." எனது கடையில், எனது கதிரைக்கு முன்னால், என்னையே பேசி முடித்துவிட்டார். வெளியே போன பிறகுதான் எனக்கு விளங்கியது. மற்ற ஒன்பதில் ஆறை நான் இன்று வரை கேட்கவில்லை, தேவைப்படவும் இல்லை.

மறுபக்கம் நடந்ததைப் பிறகு அவரே சொன்னார். பொறியியலாளர்கள் செக் மாற்றத்துக்கு ஆறு மாதம் என்றார்களாம். நம்மவராக இருந்தால் நாலு மாதத்தில் முடி என்று பேரம் பேசியிருப்போம். இவர் ஏன் ஆறு மாதம் என்று கேட்டிருக்கிறார். காசுக் கணக்கு எழுதும் பகுதி சாப்பாட்டுக் கடைகள், மருந்துக் கடைகள் உட்பட எல்லா வாடிக்கையாளருக்கும் பொதுவானது, அதைத் தொட்டால் எல்லோருக்கும் திரும்பப் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இவர், "அதைத் தொட வேண்டாம். செக்கை அந்தக் கணக்குக்குள் விடாமல் தனிப் பக்கத்தில் திகதி வரிசையில் நிறுத்தி வையுங்கள். வங்கியில் காசான பிறகு கடைக்காரர் ஒரு தட்டுத் தட்டினால் மட்டும் உள்ளே போகட்டும்" என்றிருக்கிறார். மூன்று கிழமையில் முடிந்தது. கொப்பியில் நான் இருபது வருடமாகச் செய்தது அதுதான்!

1981 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ரோஜர் பிஷரும் வில்லியம் யூரியும் எழுதி வெளியிட்ட 'கெட்டிங் டு யெஸ்' என்ற நூல் இந்தத் துறையில் எல்லோரும் படிப்பது. ஒருவர் வாயால் கேட்பது ஒன்று, அவருக்கு உள்ளே தேவைப்படுவது இன்னொன்று, பேரம் பேசுபவர் இரண்டாவதைத் தேடவேண்டும் என்பது அதில் முக்கியமான பாடம். இன்னொரு பாடம், இந்தப் பேச்சு முறிந்தால் எனக்கு வேறு என்ன வழி என்பதை மேசைக்கு வருமுன் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது. இரண்டாவதை எமது வியாபாரிகள் நன்றாகவே செய்வார்கள். வேறு இடத்தில் சரக்கு இருக்கிறதா என்று விசாரிக்காமல் யார் கெய்சர் வீதிக்குப் பேரம் பேசப் போவார்? முதலாவதில்தான் கெளரவம் குறுக்கே நிற்கிறது. எதிரில் இருப்பவரை ஏன் என்று கேட்டால் நாம் இறங்கிப்போனதாக நினைக்கிறோம்.

மார்க்கம் சார்ந்த ஒரு விடயத்தையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, மேலே காய்ந்ததும் உள்ளே ஈரமும் இருப்பதைக் கண்டு அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவம் எமக்குத் தெரியும். மென்பொருளில் ஈரம் கைக்குப் படாது. இன்னும் செய்யாத வசதியை இருப்பதாகச் சொல்லி விற்பது அந்தத் துறையில் சாதாரண வழக்கமாகிவிட்டது. எனக்கு 2019 இல் நடந்ததும் அதுவே. புரொடக்ட் மனேஜராகப் போகும் எமது பிள்ளை ஒருவருக்கு இந்த இடத்தில்தான் சோதனை வரும். விற்பனைப் பிரிவு சொல்லிவிட்ட பொய்யை வாடிக்கையாளர் முன்னால் அவர் தாங்கிப் பிடிக்கச் சொல்வார்கள். கூலி வாங்கிக்கொண்டு ஈரத்தை மூடிக் காய்ந்ததைப் பரப்பும் வேலையாக அது மாறினால் அந்தச் சம்பளம் எனக்கு வேண்டாம் என்று எழுந்துவர அவருக்குத் தைரியம் வேண்டும். வாப்பாவின் கடை பின்னால் இருப்பவருக்கு அந்தத் தைரியம் கொஞ்சம் இலகுவாக வரும்.

கடை அறிவின் குறை

எட்டு வருடம் கடையில் நின்றால் போதும், மாலை போட்டுக் கூட்டிப் போவார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தம்பிக்கும் அடி விழுந்தது. ஒரு மருந்துக் கடைக்கு அனுப்பினார்களாம். புடவைக் கடை மாதிரியே செக், கடன், சரக்கு என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வந்துவிட்டார். மருந்துக்கு முடிவுத் திகதி இருக்கிறது, தொகுதி இலக்கம் இருக்கிறது, பழையது முதலில் வெளியே போகவேண்டும் என்பதைக் கேட்கவில்லை. அந்த வாடிக்கையாளர் வேறு கொம்பனிக்குப் போய்விட்டார். தன் கடையை நன்றாகத் தெரிந்தவருக்கு எல்லாக் கடையும் தன் கடை மாதிரித்தான் தோன்றும். அந்த அடிக்குப் பிறகு புதிய இடம் ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு நாள் வாய் திறக்காமல் நின்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டார்.

அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் மக்காவிலிருந்து வெறுங்கையோடு மதீனாவுக்கு வந்தபோது, அன்ஸாரித் தோழர் தனது செல்வத்தில் பாதியைத் தருவதாகச் சொல்லியும் வாங்காமல் சந்தைக்கு வழி கேட்டார்கள் என்பது பிரபலமான செய்தி. நெய்யும் பாற்கட்டியும் விற்றுத் தொடங்கினார்கள். மக்காவில் வியாபாரம் பழகியவர்கள்தான், ஆனாலும் புதிய ஊரில் சின்ன வியாபாரத்திலிருந்து ஆரம்பித்தார்கள்.

தம்பியும் அப்படித்தான் சின்ன வாசலால் உள்ளே போனார். புரொடக்ட் மனேஜர் தேவை என்ற விளம்பரத்துக்கு நேராக விண்ணப்பித்திருந்தால் பட்டம் எங்கே என்று கேட்டுத் திருப்பியிருப்பார்கள். வாடிக்கையாளர் சேவை, மென்பொருளைக் கடைகளில் பொருத்திப் பழக்கும் வேலை, பரிசோதிக்கும் வேலை, விற்பனை, இவைதான் பட்டமில்லாதவர் நுழையக்கூடிய பக்கவாசல்கள். உள்ளே போன பிறகு அவர் மூன்று விடயங்களில் கடுமையாக உழைத்தார். முதலாவது ஆங்கிலத்தில் எழுதுவது. பேசுவதைவிட எழுதுவதுதான் இந்த வேலையில் முக்கியம், மெக்எல்ராயின் வாழ்க்கையை மாற்றியதும் மூன்று பக்க எழுத்துத்தான். இரண்டாவது கணக்குத் தாள், அதாவது எக்செல். அதற்கு மேல் தரவுத்தளத்திலிருந்து தானே விபரம் எடுக்கும் அளவுக்கு எஸ்.கியூ.எல். என்பதையும் பழகினார். மூன்றாவது சந்தைப்படுத்தலில் ஒரு தகைமை. இலங்கைச் சந்தைப்படுத்தல் நிறுவனம் 1970 இலிருந்து இருக்கிறது, எமது பிள்ளைகள் இரவு வகுப்புக்காவது போகலாம். நிரல் எழுதப் படிக்க வேண்டுமா என்று கேட்டால், நிரல் எழுதுபவர் சொல்வது விளங்கும் அளவுக்குப் படித்தால் போதும் என்றுதான் அவர் சொல்கிறார்.

கணினி வேண்டாம் என்பவர்களுக்கும் இதே வேலையின் ஒன்றுவிட்ட சகோதரர்கள் இருக்கிறார்கள். சுப்பர் மார்க்கெட்டுகளில் ஒரு வகைச் சரக்கை மட்டும் பொறுப்பெடுத்து வாங்கும் அதிகாரிகள் அத்தகையவர்கள். அரிசியில் பழகிய பிள்ளை அரிசித் தட்டுக்கு, மசாலாவில் பழகிய பிள்ளை மசாலாத் தட்டுக்கு. இங்கு சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்து ஈரம் சொல்லத் தெரிந்தவருக்குக் கடதாசியில் மட்டும் படித்தவரைவிட மதிப்பு அதிகம்.

ஹாஜியாரின் கேள்வி

இவ்வளவையும் அன்று ஹாஜியாரிடம் சொன்னேன், இத்தனை ஒழுங்காக இல்லாவிட்டாலும். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஏமாற்று இல்லை என்பது அவருக்கு விளங்கிவிட்டது. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அது சரி. பெருநாள் சீசனுக்குச் சரக்கு எடுக்க யார் இருக்கிறார்? எனக்குக் கண்ணும் முன்னைப் போலில்லை. நிறத்தைப் பார்த்து எடுக்கிறவன் அவன்தான்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. மகனைப் போகவேண்டாம் என்று சொல்வதற்கும் வாயெழவில்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு தம்பி எனது கடைக்கு வந்தார். புதிய கொம்பனி அவர் கேட்டதைவிடக் கொஞ்சம் குறைவான சம்பளத்துக்குத்தான் சம்மதித்ததாம். நானாக இருந்தால் அந்தக் குறைக்காக இன்னும் ஒரு மணித்தியாலம் பேசியிருப்பேன். அவர் அதை விட்டுவிட்டு, நோன்பின் கடைசிப் பத்து நாளும் முழு விடுமுறை, சனிக்கிழமைகளில் அழைக்கக் கூடாது என்ற இரண்டையும் கடிதத்தில் எழுதி வாங்கியிருக்கிறார். கொம்பனிக்கு அது பெரிய செலவில்லை. வாப்பாவிடமும் பேசியிருக்கிறார். கடையை விட்டுப் போகாதே என்று வாப்பா சொன்னதற்குள் இருந்தது சரக்கெடுப்பும் சீசனும்தான் என்பதைக் கண்டுபிடித்து, அந்த இரண்டையும் தான் வைத்துக்கொண்டு, அன்றாட மேசைக்கு மச்சினனை உட்கார்த்தியிருக்கிறார்.

இந்தக் கிழமை அந்தத் தெருவால் போகும்போது பார்த்தேன். காலையில் கடைக்கதவை மேலே தூக்கிக்கொண்டிருந்தவர் தம்பிதான். தோளில் மடிக்கணினிப் பை. எட்டரைக்கு ஒபிஸ் வாகனம் வருமாம். உள்ளே ஹாஜியார் உருளை ஒன்றை விரித்து, போவதற்கு முன் இந்த நிறத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.